30 ஐட்டம் கிஃப்ட் பாக்ஸா, நாமளே அடுக்குற பெட்டியா? – பிள்ளைகளுக்கு தீபாவளிப் பெட்டி

29 செப்டம்பர் 2024 – கோவையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

தீபாவளிக்கு அக்கா பிள்ளைங்க மூணு பேரும் எங்க வீட்டுக்குத்தான் வர்றாங்க. வயசு 4, 7, 12. ஆளுக்கொரு பெட்டி கொடுக்கலாம்னு இருக்கேனுங்க. கடையில 30 ஐட்டம் கிஃப்ட் பாக்ஸ் ஒண்ணு காட்டினாங்க, மேல படமெல்லாம் ஜோரா இருக்கு. மூணா எடுத்தா விலை குறைச்சுத் தர்றேங்கறார். மூணும் ஒரே மாதிரி இருந்தா சண்டையும் வராது, நமக்கும் வேலை மிச்சம். எடுத்துரலாமுங்களா?

29 செப்டம்பர், இரவு

எடுக்காதீங்க.

நான் சாத்தூர்க்காரி, இப்போ தாம்பரத்துல இருக்கேன். சிவகாசிக்குப் பக்கத்துல வளர்ந்ததால இந்தப் பெட்டி சமாச்சாரம் கொஞ்சம் தெரியும். முதல்ல கடைக்காரர்கிட்ட சாம்பிள் பெட்டி ஒண்ணைப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. 30 ஐட்டம்னா ஒரு கலர் தீப்பெட்டி, அது ஒரு ஐட்டம். ஒரு ரோல் கேப் டப்பி, அது ஒண்ணு. பாம்பு மாத்திரை ஒண்ணு, சாட்டை ஒண்ணு, பென்சில் மத்தாப்பு ஒண்ணு. அப்புறம் குருவி வெடி, லட்சுமி வெடி, பிஜிலி, ஆட்டோபாம், ராக்கெட். பிள்ளைங்க நிஜமா ஆசையா கேக்குற புஸ்வாணமும் தரைச்சக்கரமும் ஆளுக்கு ஒரு பாக்கெட், அதுவும் சின்ன சைஸ். கம்பி மத்தாப்பு கட்டை விரல் நீளத்துல ஒரு டப்பா.

4 வயசுப் பிள்ளைக்கு இதுல எது? மேல சிரிக்கிற பிள்ளை படம் இருக்கு, உள்ளே இருக்குறது பூரா மாமாவுக்கு.

80 சதவீதம் தள்ளுபடிங்குறதையும் நம்பிராதீங்க. விலைப்பட்டியல்ல ஒரு பெரிய எண்ணைப் போட்டு அதுல 80ஐ அடிச்சுக் காட்டுறது பட்டாசுக் கடையில காலங்காலமா நடக்குறது. அடிச்ச விலையைப் பாக்காம கையில கொடுக்குற காசை மட்டும் பாருங்க, அதே காசுக்கு உதிரியா என்ன வரும்னு கேளுங்க. கேட்டீங்கன்னா அந்தப் பெட்டியை அப்படியே கீழ வச்சிருவீங்க.

30 செப்டம்பர்

நேத்து கோபத்துல எழுதிட்டேன்னு ஒருத்தர் சொல்றார். கோபம்லாம் இல்ல. வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு விட்டா பாதி பதில்தானே, அதான் மிச்சத்தையும் எழுதுறேன்.

நான் வருஷா வருஷம் பண்றது இதுதான். வெடியைத் தனியா வாங்குறது, அது பெரியவங்க பொறுப்புல இருக்கும், யாருக்கும் சொந்தம் கிடையாது. பிள்ளைக்குக் கொடுக்குற பெட்டி வேற. அதைப் பிள்ளை தானே திறக்கணும், தானே எடுக்கணும், யாரையும் கேக்காம ராத்திரி பக்கத்துல வச்சுக்கிட்டு தூங்கணும். நெருப்பு வேணும்ங்கிற எதுவும் அதுக்குள்ள போகாது. பெட்டியைக் கொடுத்துட்டு "தொடாதே, அப்பா வரட்டும்"னு சொன்னா அது என்ன பெட்டி?

4 வயசுக்கு: அம்பாசமுத்திரம் மரச்செப்பு. அம்மி, ஆட்டுக்கல், குடம், அடுப்பு எல்லாம் கடைசல் பிடிச்சு சாயம் ஏத்தினது. ஆனா எந்த உருப்படியும் ரொம்பச் சின்னதா இருக்கக் கூடாது. பொம்மைக்கான பாதுகாப்பு விதியில ஒரு சின்ன உருளை வச்சு சோதிப்பாங்க, அதோட வாய் 31.7 மில்லிமீட்டர். பத்து ரூபா நாணயத்தை விடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். அதுக்குள்ள முழுசா அடங்குற சாமான் சின்னப் பிள்ளை தொண்டையில சிக்கும். விதி 3 வயசுக்குக் கீழன்னு சொல்லுது. 4 வயசும் வாயில வைக்கிற வயசுதான், நான் அதையே பிடிச்சுக்கிறேன். செப்புல உப்பு மரவை (உப்பு வைக்கிற மரக் கிண்ணம்), விளக்கு மாதிரி குட்டிக் குட்டியா நாலஞ்சு இருக்கும், அதை எடுத்து அக்காகிட்ட கொடுத்து வச்சிருங்க. அடுத்த வருஷம் ஆகட்டும்.

7 வயசுக்கு: பம்பரம், கயிறு. 12 கலர் கிரேயான், ஒரு வெள்ளை நோட்டு, நாலு அகல் விளக்கு (பெயின்ட் அடிக்க), மூணு கலர் கோலப்பொடி.

12 வயசுக்கு: இது கஷ்டமான வயசு. பொம்மை கொடுத்தா முகத்தைத் தூக்கி வச்சுக்கும். ஒரு கதைப் புத்தகம், தாயக்கட்டை, ஒரு நல்ல டார்ச், கவர்ல 100 ரூபா. கவர் முக்கியம். காசைக் கையில கொடுக்குறதுக்கும் பேர் எழுதின கவர்ல கொடுக்குறதுக்கும் அந்த வயசுல பெரிய வித்தியாசம்.

1 அக்டோபர்

டார்ச் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. காசு மாதிரி வட்டமா இருக்கே, அந்த பட்டன் பேட்டரி போடுற பொம்மை, மினுக்குற மோதிரம், பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டை எதுவும் வேண்டாம். வீட்டுல 4 வயசு இருக்குறப்ப 12 வயசோட பெட்டியிலயும் வேண்டாம். விழுங்கினா உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு ரெண்டே மணி நேரத்துல புண்ணாக்கிரும். பென்சில் பேட்டரி போடுற, திருகு வச்சு மூடுற டார்ச்தான் சரி.

பொம்மையில ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க. 2021 ஜனவரி 1ல இருந்து 14 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கான பொம்மைக்கு அது கட்டாயம். பதிவு பண்ணின கைவினைஞர்கள் செய்யுற சாமானுக்கு விலக்கு உண்டு, அதனால மரச்செப்புல முத்திரை இல்லையேன்னு சண்டைக்குப் போகாதீங்க.

2 அக்டோபர்

"பட்டாசே இல்லாம கொண்டாடினா என்ன? பிள்ளைகள் உழைப்புல வந்த சாமானைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குறதா?"ன்னு ஒருத்தர் காட்டமா கேட்டிருக்கார். இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போக என்னால முடியாது.

எங்க அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க. எங்க பக்கம் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். விடியுறதுக்கு முந்தியே ஊருக்கு வண்டி வரும், தூக்கக் கலக்கத்துல பிள்ளைகளை ஏத்திட்டுப் போகும், பொழுது சாஞ்சுதான் கொண்டு வந்து விடும். கட்டை அடுக்குறது அம்மா வேலை. சட்டத்துல குச்சியை ஒண்ணொண்ணா நிறுத்தணும், சின்ன விரலா இருந்தா வேகமா வரும், அதனாலதான் பிள்ளைகளைக் கூப்பிட்டாங்க. பெரியம்மா வீட்டுலயே பெட்டி ஒட்டுவாங்க, குரோசு கணக்குல கூலி, 144 பெட்டி ஒரு குரோசு. பசை வாசம் எங்க பாட்டி வீட்டுச் சுவத்துலயே ஏறிப்போயிருந்தது.

1922 வாக்குல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதையைச் சிவகாசியில எல்லாரும் பெருமையாச் சொல்வாங்க. மழை பொய்க்குற கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது உண்மை. அந்தச் சோத்துல பாதி சின்ன விரல் சம்பாதிச்சதுங்குறதும் உண்மை. 1986 சட்டம் தீப்பெட்டி, பட்டாசு ரெண்டுலயும் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. 1996 டிசம்பர் 10ல உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்குல, வேலைக்கு வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபா கட்டணும்னு தீர்ப்பு சொன்னது சிவகாசியை வச்சுத்தான். அதுக்கப்புறம் நிலைமை நிறைய மாறிச்சு. என் சித்தப்பா மக்க எல்லாரும் காலேஜ் முடிச்சவங்க. விபத்து மட்டும் மாறல. 2012 செப்டம்பர் 5ல முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிச்சது எங்க பக்கத்துல யாருக்கும் மறக்காது.

அதனால வாங்கவே மாட்டேன்னு சொல்றவங்களை நான் தப்பு சொல்ல மாட்டேன். நான் வாங்குறேன், கொஞ்சமா வாங்குறேன். வாங்காம விட்டா எங்க ஊர்ல அடுத்த மாசம் அடுப்பு எரியாதேங்குற கணக்கும் எனக்கு இருக்கு. அம்மாகிட்ட கேட்டேன். "வாங்கு, ஆனா வெடியா வாங்காத, சத்தத்துக்குக் கொடுக்குற காசு காத்துல போகுது"ன்னாங்க. காட்டமா கேட்டவருக்கு இது போதாதுன்னு தெரியும்.

5 அக்டோபர்

சிவகாசியில இருந்து கோவைக்கு பார்சல்ல போடச் சொல்லலாமான்னு கேக்குறீங்க. வேண்டாம். தபால்லயும் கூரியர்லயும் பட்டாசு அனுப்பக் கூடாது. இணையத்துல விக்கவும் 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புல தடை போட்டாச்சு. முன்பணம் கட்டச் சொல்லி வர்ற விளம்பரத்துல பாதி மோசடி. ரயில்ல பையில வச்சுக் கொண்டு வரலாம்னு நினைக்காதீங்க, ரயில்வே சட்டம் 164ம் பிரிவுல 3 வருஷம் வரை சிறை, 1,000 ரூபா வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். உள்ளூர்ல லைசென்ஸ் வச்சிருக்குற கடை, இல்லேன்னா கூட்டுறவுப் பண்டகசாலை கடை. பெட்டி மேல பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் கோடும் இருக்கா பாருங்க.

அப்புறம், பட்டாசுச் சீட்டு. மாசாமாசம் கட்டி தீபாவளிக்குப் பெட்டியா வாங்குறது. எங்க தெருவுல ஒரு சீட்டு இருந்தது, நடத்தினவர் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனவர் போனவர்தான். இதுக்கு மேல சொன்னா கோபம் வரும்.

8 அக்டோபர்

பட்சணம் பத்திக் கேள்வி வந்திருக்கு: அதே பெட்டியில முறுக்கையும் வைக்கலாமா?

வெடியோட ஒரு நாளும் வைக்காதீங்க. பட்டாசுக் காகிதத்தைத் தொட்டுட்டு விரலைப் பாருங்க, வெள்ளி மாதிரி மினுக்கும். அது அலுமினியத் தூள். கந்தகம் வேற. அந்தக் கையோட பிள்ளை முறுக்கு எடுத்தா? நான் வெடியைத் தனியா வைக்கிறதுக்கு நெருப்பு ஒரு காரணம்னா இது ரெண்டாவது காரணம்.

பிள்ளைப் பெட்டியில வைக்கலாம், ஆனா எல்லாம் இல்ல. பால்கோவா, பால் ஸ்வீட் எதுவும் பெட்டிக்குள்ள போகக் கூடாது, ரெண்டாம் நாளே வாடை வந்துரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு எத்தனை பேர் இருந்தாலும் தட்டுல வச்சு அன்னிக்கே காலி பண்றதுதான் மரியாதை. பெட்டிக்குத் தாங்குறது கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, சாத்தூர் சேவு (காரம் குறைச்சதைக் கேளுங்க), பொட்டுக்கடலை மாவு உருண்டை. மழைக்காலம்கிறதால காத்துப் புகாத சின்ன எவர்சில்வர் டப்பாவுல போட்டுப் பெட்டிக்குள்ள வைங்க. டப்பாவும் பிள்ளைக்கே. பள்ளிக்கூடத்துக்கு நொறுக்குத்தீனி கொண்டு போக ஆகும்.

4 வயசுக்கு முழுக் கடலை இருக்குற எதையும் வைக்காதீங்க, தொண்டையில போய் அடைச்சுக்கும். கடலைமிட்டாய் ஆசைன்னா கடலையை நல்லா பொடிச்சுப் பிடிச்ச உருண்டை. கடலை ஒத்துக்காத பிள்ளையான்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கடையில உதிரியா விக்கிற ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதி வரை சாப்பிடலாம்னு தட்டுல எழுதி வைக்கணும், 2020 அக்டோபர் 1ல இருந்து விதி. தீபாவளிக் கூட்டத்துல அந்தச் சீட்டைத் தேடினா நம்மளை ஒரு மாதிரி பாப்பாங்க. பாக்கட்டும்.

8 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

லேகியம்! எப்படி விட்டேன்?

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கொத்தமல்லி விதை, வெல்லம், நெய், நல்லெண்ணெய். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச உடனே வெறும் வயித்துல ஒரு சுண்டைக்காய் அளவு. இதைப் பெட்டியில வைக்கிறது எங்க வீட்டுப் பழைய வம்பு. சின்ன டப்பியில போட்டு மேல "திறக்காதே"ன்னு எழுதி வச்சிருவேன். முதல்ல திறக்குறது அதைத்தான். முகத்தைச் சுளிச்சுக்கிட்டு அடுத்த பிள்ளைகிட்ட "நல்லா இருக்கு, நீயும் சாப்பிடு"ன்னு நீட்டும். தீபாவளி அன்னிக்கு எங்க வீட்டுல முதல் சிரிப்பு வெடிக்கு முந்தி இதுலதான் கிளம்பும். தேன் சேக்குற வீடா இருந்தா ஒரு வயசு நிறையாத குழந்தைக்கு நாக்குல கூடத் தடவாதீங்க.

11 அக்டோபர், ஆயுத பூஜை

பெட்டிக்குப் பெட்டி எங்க வாங்குறதுன்னு கேட்டிருக்கீங்க. கடையில விக்கிற ஜிகினா அட்டைப்பெட்டி பார்க்க நல்லா இருக்கும், ஒரு தடவை மழைத் தண்ணி பட்டா மண்ணாப் போகும். நான் ரெண்டு விதமா பண்றேன். செருப்புக் கடையில காலி அட்டைப்பெட்டி கேட்டா சும்மாவே தருவாங்க, மேல பழைய காலண்டர் தாளை ஒட்டினா போதும். வசதிப்பட்டா பனை ஓலைப் பெட்டி. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி போட்டு வர்ற மாதிரி, மூடி போட்டது. தீபாவளி முடிஞ்சும் அதுல பிள்ளைங்க செப்புச் சாமான், உடைஞ்ச கிரேயான், கோழி இறகு, யாருக்கும் புரியாத கல்லு எல்லாம் போட்டு வச்சிருக்கும். என் அண்ணன் மக முதன்முதலா வாங்கின ஓலைப்பெட்டியில இப்போ ஹேர் கிளிப் போட்டு வச்சிருக்கா. உள்ளே கொடுத்த சாமான் ஒண்ணு கூட மிச்சமில்ல.

மூடியில பேர் எழுதணும். இனிஷியலோட எழுதணும். 4 வயசுக்கும்.

16 அக்டோபர்

மழை. நேத்துல இருந்து விடல. வேளச்சேரி ஆளுங்க வெள்ளத்துக்குப் பயந்து காரை மேம்பாலத்துல கொண்டு போய் நிறுத்திட்டாங்க. வாங்கி வச்ச மத்தாப்பு டப்பா எல்லாம் பரண் மேல, பிளாஸ்டிக் வாளிக்குள்ள, மூடி போட்டு இருக்கு. இந்த வாரம் யாரும் பட்டாசு வாங்காதீங்க, ஈரம் ஏறிரும். ஏற்கெனவே வாங்கினவங்க வெயில் அடிக்கிற அன்னிக்கு மொட்டை மாடியில பேப்பர் விரிச்சுக் காய வைங்க, பக்கத்துலயே ஒரு பெரிய ஆள் உக்காந்திருக்கணும். அடுப்புப் பக்கத்துல காய வைக்கிறேன்னு யாராவது சொன்னா முதல்ல அவங்களை வீட்டை விட்டு வெளிய காய வைங்க.

19 அக்டோபர்

"எங்க பையன் வெடி சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிருவான். அவனுக்குப் பெட்டியில என்ன வைக்கிறது?" – மதுரையில இருந்து ஒரு அம்மா.

என் தங்கை மகனும் இப்படித்தான். சத்தம் அவனுக்குப் பயம் இல்ல, வலி. ரெண்டும் வேறன்னு எங்களுக்குப் புரிய நாள் ஆச்சு. "ஆம்பளப் பிள்ளை, பயப்படலாமா"ன்னு சொல்லாத சொந்தக்காரங்க கிடையாது. இப்போ அவன் பெட்டியில முதல் சாமான் காதை முழுசா மூடுற ஹெட்போன் மாதிரி ஒண்ணு, மிஷின் ஓட்டுறவங்க போடுவாங்களே அது. ஹார்டுவேர் கடையில கிடைக்கும், நல்ல மஞ்சள் கலர். அதைப் போட்டுக்கிட்டு ஜன்னல்ல நின்னு ராக்கெட் பாப்பான். அப்புறம் டார்ச், கூடவே சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிக் காகிதம். டார்ச் மேல ஒண்ணொண்ணா சுத்திச் சுவத்துல அடிப்பான். ஒரு மணி நேரம் அசைய மாட்டான்.

எந்த நேரத்துல சத்தம் வரும்னு முன்னாடியே சொல்லி வைக்கிறதும் உதவும். தமிழ்நாட்டுல காலை 6ல இருந்து 7, ராத்திரி 7ல இருந்து 8, இந்த ரெண்டு மணி நேரம்தான் அனுமதி. 2018 தீர்ப்புல ராத்திரி 8ல இருந்து 10னு சொன்னதை நம்ம அரசாங்கம் போய்க் கேட்டு இப்படிப் பிரிச்சு வாங்கிச்சு, நமக்கு விடிகாலைதானே தீபாவளி. எங்க தெருவுல நாலு மணிக்கே ஆரம்பிச்சிருவாங்கங்குறது வேற விஷயம். அவனுக்கு ஒரு அட்டையில கடிகாரம் வரைஞ்சு அந்த ரெண்டு மணி நேரத்தையும் சிவப்படிச்சுக் கொடுத்திருக்கோம். நாலு மணிக்கு வெடிச்சவங்களை "இவங்க தப்பு"ன்னு அட்டையில டிக் பண்ணி வைப்பான். போன வருஷ அட்டை நிரம்பிப் போச்சு.

20 அக்டோபர்

பாம்பு மாத்திரைதான் சின்னப் பிள்ளைக்கு ஆபத்தில்லாததுன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. வெடிக்காது, பறக்காது, சரிதான். ஆனா புனேயில செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016ல ஒவ்வொண்ணா கொளுத்தி அளந்து பாத்தாங்க, கொளுத்துறவங்க நிக்கிற தூரத்துல. ஒரு கன மீட்டர் காத்துல பிஎம் 2.5 நுண்தூசி, மைக்ரோகிராம் கணக்குல: பாம்பு மாத்திரை 64,500. கம்பி மத்தாப்பு 10,390. தரைச்சக்கரம் 9,490. புஸ்வாணம் 4,860. நம்ம நாட்டுல ஒரு நாள் சராசரிக்கு வச்சிருக்குற வரம்பு 60. மாத்திரை எரியுறது கொஞ்ச நேரம்தான், ஆனா பாம்பு வளருறதைப் பாக்க மூக்கைக் கொண்டு போய் அதுக்கு மேலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்குறது யாரு? அந்த 4 வயசுதான்.

புஸ்வாணம் கடைசியில இருக்கு பாருங்க. விலையிலயும் பார்வையிலயும் அதுதான் லாபம். அதுக்காக பத்து எட்டு தள்ளி நிக்காம இருக்காதீங்க, சிலது கவுந்து வெடிக்கும்.

கம்பி மத்தாப்பு பத்தி எனக்கும் இப்போ ரெண்டாம் யோசனை. நீளமான 30 செ.மீ. மத்தாப்பா வாங்கிக் கையைச் சேத்துப் பிடிச்சா 4 வயசுக்குப் போதும்னுதான் இவ்வளவு நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். முனை ஆயிரம் டிகிரிக்கு மேல போகும், எரிஞ்சு முடிஞ்ச கம்பியும் ரொம்ப நேரம் சுடும், கருப்பா இருக்குறதால பிள்ளைக்குத் தெரியாது. 7 வயசுல "கம்பியை வாளியில போடு"ன்னா போடும். 4 வயசுல கீழ போட்டுட்டு அது மேலயே ஓடும். அதனால 4 வயசுக்கு வேடிக்கை மட்டும். கையில ஒண்ணு வேணும்னு அழுதா, ஐஸ் குச்சியில ஜிகினாத் தாள் நறுக்கிக் கட்டிக் கொடுங்க. சுத்திச் சுத்தி ஓடட்டும். அழுகை நிக்கும்னு உறுதி கொடுக்க மாட்டேன்.

26 அக்டோபர்

முதல் கேள்வியில இருந்த ஒரு வரிக்கு இன்னும் பதிலே சொல்லல. "ஒரே மாதிரி இருந்தா சண்டை வராது."

எங்க அப்பா தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் கூடத்துல பழைய பேப்பரை விரிச்சு உக்காருவார். நாங்க சுத்தி. ஒரு மத்தாப்பு டப்பா உனக்கு, ஒண்ணு அவளுக்கு, சக்கரம் ஆளுக்கு ரெண்டு, மிஞ்சின ஒண்ணு யாருக்கு? அங்கதான் ரத்தம் வரும். கூறு போட்டு முடிக்குறதுக்குள்ள ரெண்டு பேர் அழுதிருப்போம், ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு மாடிக்குப் போயிருப்போம். ஒரு வருஷம் அப்பா சலிச்சுப் போய் பேப்பரை மூத்தவன் பக்கம் தள்ளிட்டார். "நீ கூறு போடு. எடுக்குறதுல நீதான் கடைசி." எங்க அண்ணன் அன்னிக்கு ஒரு மத்தாப்புக் குச்சி கூட ஏறாம இறங்காம போட்ட கூறு மாதிரி நான் இன்னும் எந்த ரேஷன் கடையிலயும் பாக்கல.

இதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். வெடியை உதிரியா வாங்கி 12 வயசுகிட்ட கொடுங்க, கூறு போடட்டும், கடைசியா எடுக்கட்டும். பெட்டியில சாமான் மூணு பேருக்கும் ஒரே எண்ணிக்கை இருக்கணும், அது ரொம்ப முக்கியம், ஏன்னா எண்ணிப் பாப்பாங்க. ஆளுக்கு எட்டுன்னா எட்டு. என்ன சாமான்ங்குறது வேற வேறயா இருக்கலாம். ஒரே சாமானா இருந்தா என்னோடது நல்லாருக்கா உன்னோடதுன்னு ஒப்பிட்டே மாயும். வேற வேறன்னா பண்டமாற்று ஆரம்பிச்சிரும். கோலப்பொடிக்கு அரை முறுக்கு, டார்ச்சைப் பத்து நிமிஷம் கொடுத்தா லேகியம் நான் சாப்பிடுறேன். சண்டை வரத்தான் செய்யும், ஆனா கொஞ்சம் சுவாரசியமான சண்டை.

சின்னது அழுதுச்சுன்னா பெரியவங்க நடுவுல போய் "விட்டுக்கொடுடா, நீ பெரியவன்தானே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. 12 வயசு அதை 40 வயசு வரை ஞாபகம் வச்சிருக்கும். எங்க அண்ணன் வச்சிருக்கார்.

27 அக்டோபர்

கணக்கு கேட்டவருக்கு: நான் பெட்டிக்கு ஆளுக்கு 400 ரூபாய்க்குள்ள முடிக்கிறேன், 12 வயசோட 100 ரூபா கவரும் அதுலயே அடக்கம். ஓலைப்பெட்டின்னா கொஞ்சம் ஏறும். வெடி தனி, எல்லாருக்கும் சேத்து ஒரே தொகை. புத்தகத்துக்கு நேஷனல் புக் டிரஸ்ட்டும் பாரதி புத்தகாலயமும் பாருங்க, அந்த விலைக்கு வேற யாரும் கொடுக்க மாட்டாங்க. துணி இந்தக் கணக்குல வராது. துணியைப் பெட்டியில வச்சா பிள்ளை அதைச் சாமானாவே எண்ணாது, "அது டிரெஸ்தானே"ங்கும்.

துணி பருத்தியா இருக்கட்டும். ஜிலுஜிலு பட்டுப்பாவாடையை வெடி முடிஞ்சப்புறம் மாட்டிக்கட்டும்.

30 அக்டோபர், ராத்திரி

மாவு அரைச்சு, அதிரசம் சுட்டு, இடுப்பு போச்சு. சுருக்கமா.

ரெண்டு வாளி தண்ணி, ஒரு வாளி மண்ணு. நீளமான ஊதுபத்தி. செருப்பு எல்லார் காலுலயும். கொளுத்தி வெடிக்காததைத் தொடவே கூடாது, கொஞ்ச நேரம் விட்டு வாளித் தண்ணியை மேல ஊத்துங்க. சுட்டுட்டா குழாயைத் திறந்து விட்டு 20 நிமிஷம் ஓடுற தண்ணியில காட்டணும். டூத்பேஸ்ட், இங்க், நெய், மாவு ஒண்ணும் தடவாதீங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. கண்ணுல பட்டா கசக்க விடாம நேரா ஆஸ்பத்திரி. 108.

பெட்டி மூணும் அலமாரியில இருக்கு. எங்க வீட்டுப் பெட்டிகளைச் சொல்றேன். உங்களோடது ஆச்சா?

3 நவம்பர்

வெள்ளிக்கிழமையும் லீவு விட்டதுல நாலு நாள் வீடு நிறையப் பிள்ளைங்க. இப்பதான் உக்காந்தேன்.

கோவைக்காரர் எழுதியிருக்கார், படிச்சுச் சிரிச்சேன். மூணு பெட்டியும் அடுக்கினாராம். 4 வயசு மரச்செப்பைத் திரும்பிக் கூடப் பாக்கலையாம், அது வந்த ஓலைப்பெட்டியைத் தலையில கவுத்துக்கிட்டு போலீஸ்னு சொல்லிட்டுத் திரியுதாம். 12 வயசு கூறு போட்டதுல ஒரு ராக்கெட் மிஞ்சிருச்சு, "இது மாமாவுக்கு"ன்னு எடுத்துக் கொடுத்திருக்கு. மாமா அதைக் கொளுத்தி எதிர்வீட்டு மாடிக்கு அனுப்பியிருக்கார். அந்த விவரத்தை அவர் வாயாலயே கேட்டுக்கோங்க. நான் முதல் நாளே சொன்னேன், ராக்கெட் வாங்காதீங்கன்னு. சரி, வாங்காதீங்கன்னு சொல்லல, பட்டியல்ல மட்டும்தான் போட்டேன்.

எங்க வீட்டுல இந்த வருஷம் ஜெயிச்சது கலர் கண்ணாடிக் காகிதம். அடுத்த தடவை எல்லாருக்கும் அது உண்டு. அகல் விளக்கு பெயின்ட் அடிக்கிறது பாதியில நின்னுபோச்சு. மிச்ச மத்தாப்பு எங்க வைக்கிறதுன்னு கேக்குறவங்களுக்கு: பரண் மேல போட்டு மறந்துராதீங்க, சமையலறைப் பக்கமும் வேண்டாம், பிள்ளைங்க கைக்கு எட்டாத காஞ்ச இடத்துல வைங்க. டிசம்பர் 13 கார்த்திகை தீபம். அன்னிக்குக் கொளுத்தித் தீர்த்துரலாம், அரைகுறையா நிக்கிற அகலுக்கும் அதுக்குள்ள மறு பூச்சு அடிச்சிரலாம்.

பொங்கலுக்கும் இப்படிப் பெட்டி உண்டான்னு மதுரை அம்மா கேட்டிருக்காங்க. கரும்பு எந்தப் பெட்டிக்குள்ள நுழையும்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.